அம்மா சொல்லாத கதை பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

கேள்வி: "நான் 1995இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். அந்த வருட இடப்பெயர்வில் கைக்குழந்தை. மூன்று வயதில் கனடாவுக்கு வந்துவிட்டேன். அம்மா போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவருடைய தம்பி, என் மாமா, 1996இல் காணாமல் போனார் என்பதே சித்தி சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பை இருக்கும். எல்லோருடைய பத்திரங்களும் அதற்குள். 2025இல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் செம்மணியில் மனிதப் புதைகுழி தோண்டப்படும் செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. எனக்கு இப்போது நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கடைத்தொகுதியில் ஒரு நிமிடம் அவள் கண்ணில் படவில்லை. நான் அலறிய அலறலில் பிள்ளை நடுங்கிப்போனாள். இது எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறதா? அம்மாவைப் பேச வைக்க வேண்டுமா? மகளுக்கு இது போகாமல் எப்படித் தடுப்பது?"

பதில்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவசரப்பட்டு ஏதாவது செய்துவிடக்கூடிய இடம் அதுதான். அம்மாவைப் பேச வைக்க முயல வேண்டாம். அவர் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருக்குப் பேச வேண்டும்போல் இருக்கிற நாளில் பயமில்லாமல் பேசக்கூடிய வீடாக உங்கள் வீடு இருந்தால் போதும்.

"மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும்" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். சிலருக்கு, சில நேரங்களில் அது உண்மை. ஆனால் பெரிய அனர்த்தம் ஒன்று நடந்தவுடன் பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பரவியிருந்தது. பிறகு அதைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. சிலருக்கு அது கேடாகக்கூட முடிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இன்று அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. பயிற்சி பெற்றவர்களே இந்த இடத்தில் பிழை விட்டிருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகள் வந்து உட்கார்ந்து, "அம்மா, இன்றைக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ" என்று தொடங்குவது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். அன்றிரவு அம்மா தன்னுடைய அறையில் தனியாகத்தான் படுக்கப் போகிறார்.

அதற்காக மௌனம் நல்லது என்றும் ஆகிவிடாது. இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓன், யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் குடும்பங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்த வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இரண்டு சுவர்கள் இருப்பதாக அவர் எழுதினார். பிள்ளைக்கு நோகும் என்று பெற்றோர் எழுப்பியது ஒன்று. பெற்றோருக்கு நோகும் என்று பிள்ளை எழுப்பியது மற்றது. ஒருவர் தன்னுடைய சுவரில் ஒரு யன்னலைத் திறந்தாலும் அந்தப் பக்கம் தெரிவது மற்றவருடைய சுவர்தான். உங்கள் வீட்டிலும் இரண்டும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அம்மா சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை.

எங்கள் சனத்துக்கு மௌனம் வேறொரு காரணத்தாலும் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் ஒரு சமுதாயம் முழுவதையும் என்ன செய்தது என்று விரிவாக எழுதியிருக்கிறார். தனி ஆட்களின் நோயை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஆளை ஆள் நம்பாமல் போனது, வாய் திறக்காமல் இருக்கப் பழகியது, தானாக ஒன்றைத் தொடங்கும் துணிவு குறைந்தது எல்லாவற்றையும் கூட்டாகப் பட்ட காயத்தின் அடையாளங்களாகக் காட்டினார். சோதனைச் சாவடியில் ஒரு பேச்சு, இயக்கத்துக்கு (புலிகளுக்கு) முன்னால் ஒரு பேச்சு, அயலட்டைக்கு முன்னால் ஒரு பேச்சு. எதையும் அறியாதவர்போல் இருந்தவர்தான் தப்பினார். உங்கள் அம்மா இருபது வயதிலேயே கற்றுக்கொண்ட பாதுகாப்பு அது. கனடாவில் அதற்குத் தேவை இல்லை என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிய நாள் எடுக்கும். சிலருக்கு அது கடைசிவரை தெரிவதே இல்லை.

சரி, சொல்லாத கதை எப்படிப் போய்ச் சேருகிறது? வீட்டுப் பழக்கங்கள் வழியாகத்தான் பெரும்பாலும். நடந்த சம்பவம் பிள்ளைக்கு வருவதில்லை. சம்பவம் விட்டுப்போன பழக்கம் மட்டும் காரணம் இல்லாமல் வருகிறது. வாசலில் ஒரு பை. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் கோபம். தொலைபேசியை எடுக்கப் பத்து நிமிடம் பிந்தினால் பதற்றம். "வெளியில ஒண்டும் சொல்லாதே" என்ற கட்டளை. காரணம் தெரிந்தால் இவை ஒவ்வொன்றும் புத்தியுள்ள செயல். காரணம் தெரியாத பிள்ளைக்கு, இந்த உலகம் எந்த நேரமும் உடையக்கூடியது என்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும். ஏன் உடையும், யார் உடைப்பார்கள் என்று தெரியாததால் அது எல்லாப் பக்கமும் பரவிவிடும்.

அந்தப் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க முடியாது. கொழும்பில் தங்கினால் பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இருக்க வேண்டும். ஷெல் அடிக்கிற இரவில் வீட்டை விட்டு ஓடுகிறவர் எதை எடுப்பார்? நகை, பத்திரம், பிள்ளை. உங்களுடைய கனடாப் பயணமே அந்தப் பையில் இருந்த காகிதங்களால்தான் நடந்திருக்கும்.

கடைத்தொகுதியில் நீங்கள் அலறியதற்கும் ஒரு பின்னணி இருக்கலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் யாழ் நகரை நெருங்கிக்கொண்டிருந்தபோது, யாழ் நகரம் அடங்கிய வலிகாமப் பகுதியை விட்டு உடனே வெளியேறும்படி புலிகள் அறிவித்தார்கள். சில லட்சம் சனம் ஒரே இரவில் ஒரே பாதையில் இறங்கியது. செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலம், அதற்கப்பால் தென்மராட்சி. மழை, இருட்டு, சைக்கிள்கள், மாட்டு வண்டிகள், நடக்க ஏலாத கிழவர்கள். சில மைல் தூரத்தைக் கடக்கப் பல மணித்தியாலம் எடுத்தது. அந்த நெரிசலில் கையை விட்டவர்கள் உறவுகளைத் தேடி அலைந்தார்கள். உங்கள் அம்மா அந்தப் பாதையால் வந்திருந்தால், கைக்குழந்தையாக இருந்த உங்களை எப்படிப் பிடித்திருப்பார்! அதன் பிறகு கூட்டம் உள்ள எந்த இடத்திலும் அவர் உங்கள் கையை அப்படித்தான் பிடித்திருப்பார். கூட்டத்தில் பிள்ளையைக் கண்ணிலிருந்து விட்டால் பெரிய ஆபத்து என்று அந்தப் பிடி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. யாரும் வாயால் சொல்லவில்லை. அந்த இரவு உங்களுக்கு நினைவில் இருக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவின் கையோடு வளர்ந்த முப்பது வருடம் இருக்கிறது.

அடுத்து இரத்தம். இந்தக் கேள்வி இப்போது நிறையப் பேரிடமிருந்து வருகிறது. காயம் மரபணு வழியாகப் பிள்ளைக்குப் போகிறது என்று செய்திகளில் எழுதிவிட்டார்கள். அந்தச் செய்திகளில் பலவற்றுக்கு அடிப்படை, ரேச்சல் யெஹுடா என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு யூத இனப்படுகொலையில் தப்பியவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் செய்த ஓர் ஆய்வு. மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் உள்ள இரசாயனக் குறிகளில் அவர்கள் வித்தியாசம் கண்டார்கள். அது கவனிக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் அதில் பங்கெடுத்த தப்பியவர்கள் 32 பேரும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரும் மட்டுமே. அந்தக் குறி பிறப்பில் வந்ததா, அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததால் வந்ததா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இதை நம்பி, "என் மகளுக்கும் இது எழுதப்பட்டுவிட்டது" என்று நீங்கள் முடிவெடுத்தால் அது பெரிய அநியாயம்.

மறுபக்கத்தில் இருக்கும் ஆதாரம் இதைவிடப் பெரியது, ஆனால் அது அதிகம் பேசப்படுவதில்லை. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர் வான் ஐசண்டோர்னும் அவருடைய குழுவினரும், தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய 32 ஆய்வுக் குழுக்களை, மொத்தம் 4,418 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல் பொதுச் சனத்திலிருந்து ஒழுங்காகத் தெரிவு செய்த ஆய்வுகளில், இரண்டாம் தலைமுறையில் மனப் பாதிப்பு கூடியிருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் மண்ணிலும் ஒரு கணக்கு உண்டு. 2009இல் யாழ் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்த ஆய்வில், கடும் மன வடுவின் அறிகுறிகள் 7 வீதமானவர்களிடம் இருந்தன. மனச்சோர்வு 22 வீதம், பதற்றம் 32 வீதத்துக்கு மேல். இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் எல்லாமே இதைவிடக் கூட. இந்த எண்கள் சிறியவை இல்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இருபத்தைந்து வருடப் போருக்குப் பிறகு, பெரும்பான்மையான சனத்திடம் கடும் மன வடுவின் அறிகுறிகள் இருக்கவில்லை. அந்தப் பெரும்பான்மையை எது காப்பாற்றியது என்று நாங்கள் கேட்பதே குறைவு.

அந்தக் கேள்வியை வேறொரு இடத்தில் அமெரிக்க உளவியலாளர் எம்மி வேர்னர் கேட்டார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, பிறரில் அக்கறை உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது ஒன்று: நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். தாய் தகப்பன்தான் என்று இல்லை. அம்மம்மாவாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். இடம்பெயர்ந்த சனத்துக்குத் தென்மராட்சியில் முன்பின் தெரியாத வீடுகள் கதவைத் திறந்தன. வன்னியில் மரங்களின் கீழ் வகுப்பு நடந்தது. யார் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு பெரியம்மா, ஒரு மாமி, ஒரு ரீச்சர் இருந்தார். எங்களைத் தாங்கியதில் பெரும் பங்கு அதற்கு உண்டு என்பது என் எண்ணம். உங்கள் மகளுக்கும் அது வேண்டும். கனடாவின் ஒரு அடுக்குமாடி வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும் சேர்ந்து அதைச் செய்து முடிப்பது கடினம்.

இனி மாமா. இதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இறந்தவருக்கு அழலாம். எங்களுக்கு ஒப்பாரி உண்டு, எட்டுச் செலவு உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு, வருடாவருடம் திவசம் உண்டு. துக்கத்தைப் படிப்படியாக இறக்கி வைக்கிற ஏற்பாடு அது. சனம் கூடி வந்து, சாப்பிட்டு, "போனவர் போய்விட்டார்" என்று உங்களோடு சேர்ந்து ஒத்துக்கொள்கிறது. காணாமல் போனவருக்கு இதில் ஒன்றும் இல்லை. அந்தியேட்டி செய்தால் நாங்களே தம்பியைக் கொன்றதுபோல் ஆகிவிடும். செய்யாவிட்டால் அவர் எந்த நாளும் படலையைத் திறந்துகொண்டு வரலாம். அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிமாரிடம் இதைக் கண்டு, 1970களிலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார். இந்த இழப்புக்கு முடிவு இல்லை, அதனால் முடிவு கட்டச் சொல்லி யாரையும் நெருக்கக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. "அவர் இல்லாமல் இருக்கலாம், இருக்கவும் கூடும்" என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் வழி என்கிறார். வடக்கிலும் கிழக்கிலும் 2017இலிருந்து வீதியோரக் கொட்டில்களில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பாருங்கள். அந்த இரண்டையும் அவர்கள் வருடக்கணக்காகத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். "இனி மறவுங்கோ" என்று அவர்களிடம் சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

1996இல், இராணுவம் குடாநாட்டைப் பிடித்த பிறகு, நூற்றுக்கணக்கானவர்கள் காணாமல் போனார்கள். 1998இல் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய், செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றத்தில் சொன்னதும், 1999இல் அங்கே 15 உடல்கள் எடுக்கப்பட்டதும் உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. சின்னப் பிள்ளைகளுடையவையும் இருந்தன. ஒரு புத்தகப் பை, ஒரு பொம்மை. எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காட்டச் சொல்லிப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். காணாமல் போன தம்பியின் அக்காவுக்கு இது வெறும் செய்தி இல்லை. ஒவ்வொரு படத்திலும் அவர் ஒரு சேர்ட்டைத் தேடுகிறார். கண்டுபிடித்துவிடுவேனோ என்றும் பயம், கண்டுபிடிக்காமலே போய்விடுவேனோ என்றும் பயம். தூக்கம் எப்படி வரும்?

இன்னொன்றும் இருக்கலாம். இதை நீங்கள் அம்மாவிடம் கேட்கவே வேண்டாம், மனதில் மட்டும் வைத்திருங்கள். அந்த நாட்களில் வீட்டில் யாரை வெளியில் அனுப்புவது என்று குடும்பங்கள் இருந்து தீர்மானித்தன. காணியை ஈடு வைத்து, நகையை விற்று, ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க ஒருவருக்கான காசுதான் சேரும். ஒருவர் போவார், ஒருவர் நிற்பார். போனவர் உயிரோடு இருக்கிறார். நின்றவர் இல்லை. இப்படி வந்த ஆட்களின் வாயிலிருந்து "நான் வந்திருக்கக்கூடாது" என்பதைப் பல தடவை கேட்டிருக்கிறேன், அதுவும் இருபது முப்பது வருடங்களுக்குப் பிறகு. உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடந்திருந்தால், அவர் பேசாமல் இருப்பது உங்களைக் காப்பாற்ற மட்டும் அல்ல, தன்னைப் பற்றி நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவும் இருக்கும். மாமா இயக்கத்தோடு இருந்தாரா, யாராவது காட்டிக்கொடுத்தார்களா என்பதும் இதே வகை. அந்தக் கதவுகளை அவராகத் திறந்தால் கேளுங்கள். கேட்கும்போது தீர்ப்பு எதுவும் சொல்லிவிடாதீர்கள், ஆறுதலாகக்கூட.

அப்போ எங்கே தொடங்குவது? போருக்கு முன்னால் தொடங்குங்கள். கிணறு எந்தப் பக்கம் இருந்தது, பாடசாலைக்கு எப்படிப் போனீர்கள், கோயில் திருவிழாவில் எத்தனையாம் நாள் உங்கள் வீட்டு உபயம், ஒடியல் கூழ் காய்ச்சினால் யார் யார் வருவார்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்காமல், கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். மரக்கறி வெட்டும்போது, காரில் போகும்போது. மாமாவைப் பற்றியும் அப்படித்தான். அவர் எப்படிக் காணாமல் போனார் என்பது வேண்டாம். சின்ன வயதில் என்ன குழப்படி செய்வார், எந்தக் கறி பிடிக்கும், சைக்கிளில் அம்மாவை ஏற்றிப் போவாரா? முப்பது வருடமாக அவர் அந்த வீட்டில் "காணாமல் போனவர்" மட்டும்தான். குழப்படிக்காரத் தம்பியாக அவர் திரும்பி வருவது உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ரொபின் ஃபிவுஷ் என்ற இருவர், குடும்பக் கதை பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க இருபது கேள்விகள் வைத்திருந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பதுபோல் சாதாரணக் கேள்விகள். கூடுதலாகப் பதில் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்வித்தால் இது வந்துவிடாது. அந்தக் கதைகளைச் சொல்லிக் கேட்கிற நேரம் அந்த வீட்டில் இருக்கிறது என்பதுதான் விஷயம். பிள்ளைக்கு அதிகம் உதவுவது, "எங்களிடம் எல்லாம் இருந்தது, எல்லாம் போய்விட்டது" என்று முடிகிற கதையும் அல்ல, "ஒன்றும் இல்லாமல் வந்து பெரிய ஆளானோம்" என்று முடிகிற கதையும் அல்ல. எங்கள் புலம்பெயர் வீடுகளில் இந்த இரண்டும்தான் கேட்கும். பின்னதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை டொக்டராகு, என்ஜினியராகு என்று நெருக்கிவிட்டோம்! ஏறியதும் இறங்கியதும், யாரோ கைகொடுத்ததும், மறுபடி விழுந்ததும் எல்லாம் இருக்கிற கதைதான் பிள்ளை தன் சொந்தச் சறுக்கலில் எடுத்துப் பார்க்கக்கூடிய கதை.

பேசும்போது அம்மாவின் முகத்தைக் கவனியுங்கள். பேச்சு நடுவில் நின்று, கண் எங்கோ நிலைத்து, கை நடுங்கினால் அங்கே நிறுத்துங்கள். "சரி அம்மா, பிறகு கதைப்பம், தேத்தண்ணி போடட்டா?" போதும். கைபேசியை நீட்டிப் பதிவு செய்ய வேண்டாம், அவராகக் கேட்டால் ஒழிய. கேட்ட கதையை அவரிடம் கேட்காமல் வேறு எங்கும் எழுதவும் வேண்டாம்.

பேச்சே வேண்டாம் என்று அவர் இருந்தாலும் வழி அடைபட்டுவிடாது. 2004 கடற்கோளுக்கு (சுனாமிக்கு) பிறகு இலங்கையின் வடகிழக்குக் கரையில் 31 பிள்ளைகளுக்கு ஒரு சிகிச்சை ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொன்னார்கள். மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். நடத்தியவர்கள் அங்கேயே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது இரண்டு பகுதியிலும் பெரும்பாலானவர்கள் தேறியிருந்தார்கள், இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் மூச்சு, பிரார்த்தனை, தோட்ட வேலை, கோயிலடி இவற்றைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். காணாமல் போன பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் தவறாமல் அர்ச்சனை செய்கிற தாய்மாரை எனக்குத் தெரியும். திவசம் செய்யவில்லை, அதே நேரம் மறக்கவும் இல்லை. மாமாவின் நட்சத்திரம் என்ன என்று அம்மாவிடம் கேட்டு ஒரு முறை நீங்களும் கூடப் போய் நின்றால், ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தச் சுவர் ஓரளவு இறங்கும்.

அடுத்து உங்கள் மகள். அன்று அலறியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் நுணுக்கமாகக் கவனித்தபோது, நல்ல பிணைப்பு உள்ளவர்கள்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவரோடு ஒருவர் பொருந்தாமல்தான் இருந்தார்கள். பிசகுவதும் பிறகு சேர்ந்துகொள்வதுமாகத்தான் அந்த உறவு ஓடியது. அந்தச் சேர்ந்துகொள்ளுதல்தான் பிள்ளைக்கு வேண்டியது. வீட்டுக்கு வந்து மடியில் வைத்துச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு அண்டைக்குச் சரியான பயம் வந்திட்டுது. அதுதான் கத்தினேன். நீ ஒரு பிழையும் செய்யேல்லை." நான்கு வயதுக்கு இது போதும். உங்கள் அம்மாவால் உங்களுக்குச் சொல்ல முடியாமல் போனதும் இதுதான்: பயம் என்னுடையது, பிழை உன்னுடையது அல்ல.

மாமாவைப் பற்றியும் அவளுக்குச் சொல்லலாம். "அம்மம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். அங்கே சண்டை நடந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பி வரேல்லை. அதுதான் அம்மம்மா சில நாள் கவலையா இருப்பா." இவ்வளவுதான். அவள் கேட்டால் கேட்ட அளவுக்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். வயது ஏற ஏறக் கதை பெரிதாகட்டும். பெற்ற பிள்ளைக்குச் சொல்ல முடியாததைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிவிடும் பாட்டிமாரும் தாத்தாமாரும் நிறைய. இஸ்ரேலிலும் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் குடும்ப வேர்களைத் தேடி எழுதும் வேலைக்காகக் கேட்கப் போய்த்தான் பல வீடுகளில் மௌனம் உடைந்தது. உங்கள் மகள் ஒருநாள் அந்தப் பையைக் காட்டி, "இதுக்குள்ள என்ன, அம்மம்மா?" என்று கேட்பாள். கேட்க விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற மற்ற வீடுகளில் அது இருக்கும். வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், போர் அனுபவமும் தகப்பனின் குடியும் வீட்டில் பிள்ளைக்கு விழும் அடியோடு தொடர்பாக இருந்தன. வெளியில் நடந்த போர் போதாதென்று, சில பிள்ளைகளுக்குப் போர் வீட்டுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தது. அப்பா ஏன் அப்படி ஆனார் என்று விளங்குவது வேறு, அதற்காக அடியை வாங்கிக்கொண்டு இருப்பது வேறு. காரணம் தெரிந்ததால் யாருக்கும் அடிக்க உரிமை வந்துவிடாது. அப்படிப்பட்ட வீட்டில் முதல் வேலை கதை கேட்பது அல்ல. பிள்ளையையும் தாயையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதுதான்.

கடைசியாக, அம்மாவின் தூக்கம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு குறைகிறது, ஆட்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அல்லது "நான் இருந்து என்ன" என்பதுபோல் ஏதாவது வாயில் வருகிறது என்றால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கடைசியில் சொன்னதுபோல் வாயில் வந்துவிட்டால் அன்றைக்கே போக வேண்டும். எங்கள் பெரியவர்கள் "மனம் சரியில்லை" என்று வைத்தியரிடம் சொல்ல மாட்டார்கள். நெஞ்சு பதறுது, தலை விறைக்குது, மேலெல்லாம் எரியுது, ஒரே யோசனை என்றுதான் சொல்வார்கள். வைத்தியர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகவே 1996, செம்மணி, தம்பி என்ற மூன்றையும் நீங்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சுருக்கமாகச் சொல்லி வையுங்கள், அம்மாவின் சம்மதத்தோடு. தமிழ் தெரிந்த வைத்தியரோ உளவளத்துணையாளரோ கிடைத்தால் நல்லது. ரொறன்ரோ போன்ற நகரத்தில் அது கிடைக்காத விஷயம் அல்ல. கிடைக்காவிட்டால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள், அவர் ஊர்க்காரராகவோ தெரிந்தவராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். தம்பியைப் பற்றி மகளின் வாய் வழியாகச் சொல்ல வேண்டி வந்தால், உங்கள் அம்மா அங்கேயும் பாதியை விழுங்கிவிடுவார்.